சாமி ஏறாத தேர்

'பாறையும் தண்ணீரும்' தொடர் – 17

மணப்பாறைச் சந்தைக்கு உழவு மாடு வாங்க வருகிறவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா? அப்புறம் சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். தரகர் துண்டைப் போட்டு மூடி விரல் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். விலை படிந்த பின்னும் விவரம் தெரிந்த சம்சாரி மடியை அவிழ்க்க மாட்டார். "பூட்டிப் பாத்துட்டே பணத்த எடுங்கண்ணே" என்று விற்கிறவரே சொல்வார். பாரவண்டியில் பூட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டுவார்கள். வலத்து மாடு இடத்து மாட்டோடு ஒத்து நடக்கிறதா, பாரம் ஏறினால் படுத்துக்கொள்கிறதா, மேட்டில் மூச்சிரைக்கிறதா என்பது அந்தக் கொஞ்ச தூரத்திலேயே தெரிந்துவிடும்.

கோயிலில் இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். புதுத் தேர் செய்தாலும் பழைய தேரைச் செப்பனிட்டாலும் உடனே சாமியை ஏற்றிவிடுவதில்லை. வெறுந்தேரை முதலில் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். திருச்சி பெல் தொழிற்சாலை தமிழ்நாட்டுத் தேர்கள் பலவற்றுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து தந்திருக்கிறது. கொதிகலன் செய்கிற ஆலை மாட்டிய சக்கரம்தானே என்று யாரும் வெள்ளோட்டத்தைத் தள்ளுபடி செய்ததில்லை. திருவாரூர் ஆழித்தேரைப் பிரித்துப் புதுப்பித்தபோதும் 2015-ல் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பிறகே தியாகராசர் ஏறினார். முனை திரும்பும்போது எந்த முட்டுக்கட்டை நழுவும், எந்த அச்சு முனகும் என்பதைச் சாமி இல்லாதபோதே தெரிந்துகொண்டுவிட வேண்டும்.

இந்த வாரம் இரண்டு வெள்ளோட்டங்களின் கதை. ஒன்று கோயம்புத்தூர்ச் சீமையில் ஆண்டுக்கணக்கில் நிதானமாக நடந்தது. இன்னொன்று மணப்பாறைக்குப் பக்கத்தில், நடுக்காட்டுப்பட்டியில், 80 மணி நேரத்தில் நடந்தது. அதை வெள்ளோட்டம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அங்கே நடந்தது அதுதான்.

முதலில் இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரிலேயே பாறை இருக்கிறது. காவிரி 40 கிலோமீட்டர் தள்ளித் திருச்சியில் ஓடுகிறது, இங்கே அதன் ஈரம்கூட வராது. மேலே செம்மண், அதற்கடியில் சரளை, அதற்கும் அடியில் கருங்கல். கருங்கல்லுக்கு நடுவில் வெங்கச்சங்கல் வரி வரியாக ஓடும். இப்படிப்பட்ட பாறையில் தண்ணீர் குளம்போலத் தேங்கி நிற்பதில்லை, விரிசல் வழியாக நரம்புபோல ஓடுகிறது. நரம்பைத் தொட்டால் தண்ணீர், ஒரு முழம் தள்ளிப்போனால் கல்மாவு. அதனால்தான் இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் வெடி வைத்து அகலக் கிணறு வெட்டினார்கள். அகலமாக வெட்டினால் நாலைந்து நரம்பாவது அறுபடும் என்ற கணக்கு. அந்தக் கிணற்றில் கவலை கட்டி இறைத்தார்கள். சந்தையில் பூட்டிப் பார்த்த மாடு இறவையில்தான் தன் முழுப் பலத்தைக் காட்டும். வாரியில் முன்னே இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டுச் சால் மேலே வரும், பின்னுக்கு வரும்போது சால் இறங்கும்.

இந்தக் கவலையையும் ஏற்றத்தையும் முறையாக அளந்து பார்த்தவர்களில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முக்கியமானவர். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னால் மாகாணத்துத் தொழில் துறையை நடத்தியவர். எண்ணெய் எஞ்சினும் பம்பும் கொண்டு கிணற்று நீரை இறைக்கலாம் என்று அவர் சொன்னபோது ஊர் நம்பவில்லை. ஒரு ஜோடி மாடு இவ்வளவு ஆழத்திலிருந்து இவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, எஞ்சின் இவ்வளவு இறைக்கிறது, செலவு இவ்வளவு என்று அளந்து காட்டினார். 1865-ல் தொடங்கிய சைதாப்பேட்டைச் சோதனைப் பண்ணையில் சீமைக் கலப்பைகளைக் கொண்டுவந்து உழுது பார்த்த கதையை முன்பே எழுதிவிட்டேன். அந்தக் கலப்பைகள் பலவற்றை நம் மாடுகளால் இழுக்க முடியவில்லை. அங்கே தோற்றதால் ஊரில் தோற்காமல் தப்பின.

துளைபோடும் இயந்திரம் இந்தியக் கிராமங்களுக்குள் பெரிய அளவில் நுழைந்தது பஞ்சத்தின் வழியாக. 1966-67-ல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் மழை பொய்த்தது. பாறைப் பகுதிகளில் குடிநீருக்காக யுனிசெஃப் 1967-ல் காற்றழுத்த ரிக்குகளை வரவழைத்தது. அதன் சூட்சுமம் எளிது. சுத்தியல் மேலே இருக்காது, துளையின் அடியில் பிட்டுக்கு நேர் மேலே இருக்கும். கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்று அந்தச் சுத்தியலை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை அடிக்க வைக்கும். வெளியேறும் அதே காற்று, உடைந்த கல்மாவை ஊதி மேலே தள்ளிவிடும். கைக்குழியாகத் தோண்டினால் மாதக்கணக்காகிற ஆழத்துக்கு இது ஒரே நாளில் இறங்கியது. எங்கள் பக்கத்தில் முதல் ரிக் வண்டி வந்த நாளைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். வெள்ளைப் புழுதி தலையில் கொட்டக் கொட்ட நின்று பார்த்திருக்கிறார்கள். புழுதி சேறானதும் குலவை போட்டிருக்கிறார்கள்.

துளை கிடைத்துவிட்டது. அதிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவர அப்போது இருந்தது வார்ப்பிரும்புக் கைப்பம்பு. மேலை நாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்காரர் நாளைக்குச் சில வாளி அடித்துக்கொள்ளச் செய்த பம்பின் நகல் அது. அதை ஒரு முழுக் கிராமத்துக்கு நட்டார்கள். விடியற்காலையில் தொடங்கி இரவு வரை கை மாறிக் கை மாறி அடித்தால் என்ன ஆகும்? பிடியின் ஊசி தளரும், கம்பி பக்கவாட்டில் ஆடி உரசும், தோல் வாஷர் தேயும், கடைசியில் வார்ப்பு விரிசல் விடும். 1970-களின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது நட்ட பம்புகளில் நான்கில் மூன்று பங்கு ஓடாமல் நின்றன. இவ்வளவு பணம் போட்டுத் துளைத்த கிணறுகள் அத்தனையும் தலைக்கு மேல் ஓர் உடைந்த இரும்பைச் சுமந்துகொண்டிருந்தன.

விடை மராட்டியத்தில் கிடைத்தது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷனரிகளோடு வேலை செய்தவர்கள், அடிக்கடி உடையும் பம்பை ரிப்பேர் செய்து ரிப்பேர் செய்து எஃகில் ஒரு பம்பைத் தாங்களே உருவாக்கியிருந்தார்கள். பிடிக்கு ஒரே சுழல் அச்சு. பிடியின் நுனியில் கால்வட்டமாக ஒரு வில், அதன்மேல் சங்கிலி. சங்கிலி வளைந்து கொடுப்பதால் கம்பி எப்போதும் நேர்செங்குத்தாகவே இழுபடும், ஆடாது, உரசாது. இந்தச் சோலாப்பூர்ப் பம்பை அடியாகக் கொண்டு, சென்னையில் மத்திய அரசின் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலையும் யுனிசெஃபும் சேர்ந்து புதுப் பம்பை வடிவமைத்தன. அதற்கு இந்தியா மார்க் 2 என்று பெயர்.

இந்த இடத்தில் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மாதிரிப் பம்புகளைத் தொழிற்சாலை முற்றத்தில் அடித்துப் பார்த்துவிட்டு நாடு முழுவதும் அனுப்பிவிடவில்லை. கோயம்புத்தூர் மாவட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நீர்மட்டம் மிக ஆழம். ஆழம் கூடக் கூடத் தூக்க வேண்டிய நீர்த்தூணின் எடை கூடும், சங்கிலியும் பேரிங்கும் வாஷரும் படும் பாடு கூடும். ஒரு பம்பை நம்பிப் பல தெருக்கள் இருந்த ஊர்களில், நாள் முழுக்க ஓயாமல் அடிபடும் இடங்களில் நட்டார்கள். இங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும் என்ற கணக்கில், இருப்பதிலேயே கடினமான பாரத்தையே முதலில் ஏற்றிப் பார்த்தார்கள். 1970-களின் கடைசியில்தான் பம்பு பெருமளவில் உற்பத்திக்குப் போனது. 1979-ல் அதற்கென இந்தியத் தர நிர்ணயமும் வந்தது.

அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் இன்னும் பெரிய விஷயம். ஓடிக்கொண்டிருந்த, எல்லாரும் பாராட்டிய பம்பை 1983-ல் மறுபடியும் கோயம்புத்தூரிலேயே சோதனைக்கு எடுத்தார்கள். இம்முறை உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு பம்பிலும் எது எப்போது தேய்ந்தது, மாற்ற எத்தனை பேர் வேண்டியிருந்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்தார்கள். தோல் வாஷரைவிட நைட்ரைல் ரப்பர் வாஷர் வெகுகாலம் உழைக்கிறது என்று அப்போது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. வாஷரை மாற்றவேண்டுமென்றால் துளைக்குள் இருக்கும் குழாய் முழுவதையும் கழற்றி மேலே இழுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு வண்டியோடு ஒரு கூட்டமே வர வேண்டியிருக்கிறது. குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினால் குழாயைத் தொடாமல் உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் உருவிவிடலாம். உள்ளூர் மெக்கானிக் ஒருவரே செய்துவிடுவார். இப்படிப் பிறந்தது மார்க் 3.

எங்கள் தெரு முனையில் ஒரு மார்க் 2 இருந்தது. அதன் சங்கிலி வில்லின் மேல் படிகிற 'டக்' சத்தத்தை வைத்தே யார் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று அம்மா சொல்லிவிடுவார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் பிடியில் தொங்கி முழு உடம்பின் பாரத்தையும் போட்டுத்தான் ஒரு குடம் நிரப்ப முடியும். நாங்கள் தொங்குவோம் என்பதையும் எங்கோ யாரோ முன்கூட்டியே கணக்கில் எடுத்திருந்தார்கள் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

பம்புக்கு இவ்வளவு யோசித்தோம். துளையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

பின்னர் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடின. நூறடியில் இருந்த தண்ணீர் முந்நூறுக்குப் போனது, அறுநூறுக்குப் போனது. பாறை நிலத்தில் போடுகிற போர் எல்லாம் வாய்ப்பதில்லை. வாய்த்ததும் சில கோடையில் வற்றும். வற்றினால் மோட்டாரை உருவுவார்கள், கேசிங் பைப்புக்கு விலை கிடைக்கும் என்று அதையும் உருவுவார்கள். மிச்சம் நாலரை அங்குலமோ ஆறரை அங்குலமோ அகலத்தில் ஒரு துளை. மேலே சாக்கைப் போட்டு மண்ணைத் தள்ளினால் பார்வைக்கு மூடியாயிற்று. புல் முளைத்துவிட்டால் அங்கே துளை இருந்ததே யாருக்கும் தெரியாது.

குழந்தைகள் இந்தத் துளைகளில் விழுவது செய்தியாகத் தொடங்கியது 2006-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூலையில் அரியானாவின் குருட்சேத்திரத்துக்கு அருகே ஒரு சிறுவன் 60 அடி ஆழத்தில் சிக்கினான், ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து ராணுவம் பக்கவழியாகப் போய் மீட்டது. தேசமே தொலைக்காட்சியில் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் விதிமுறைகளைச் சொல்லி ஆகஸ்டில் திருத்தியது. போர் போடுவதற்கு 15 நாள் முன்னால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது அறிவிப்புப் பலகையும் முள்வேலியும் வேண்டும். கேசிங்கைச் சுற்றிச் சிமெண்ட் மேடை, குழாய் வாயில் வெல்டிங் செய்த இரும்பு மூடி. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாடும் 2015-ல் ஊராட்சிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. எழுத்தில் குறையே இல்லை.

2014 ஏப்ரல் 14-ல் சங்கரன்கோவிலுக்கு அருகே குத்தாலப்பேரியில் மூன்று வயதுப் பையன் ஒருவன் விழுந்தான். மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் தாமே உருவாக்கிய கருவியோடு போனார். கேமராவும் விளக்கும், கைபோல விரிந்து பற்றும் பிடியும் கொண்ட கருவி. சில மணி நேரத்தில் பையன் உயிரோடு மேலே வந்தான். தமிழ்நாடு பூரித்துப் போனது. நானும்தான்.

இப்போது யோசித்தால் அந்த மகிழ்ச்சியோடு நாம் நிறுத்திக்கொண்டதுதான் உறுத்துகிறது. ஒரு குழந்தையிடம் வென்ற கருவியை வேறு ஆழத்தில், வேறு அகலத்தில், மண் சரியும் துளையில், கைகள் தலைக்கு மேலே தூக்கியபடி சிக்கிய நிலையில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டாமா? வற்றிய துளைகளுக்கா பஞ்சம்? மணப்பாறை வட்டாரத்தில் நடந்து போனாலே காலில் இடறும். 12 கிலோ மணலைத் துணியில் கட்டி இறக்கி, நூறு முறை எடுத்துப் பார்த்திருக்கலாம். தீயணைப்பு நிலையம்தோறும் இதற்கென்று ஒரு துளையை ஒதுக்கியிருக்கலாம். கோயம்புத்தூரில் வாஷருக்குச் செய்ததைக் குழந்தைக்குச் செய்ய ஐந்து ஆண்டுகள் நமக்குக் கிடைத்தன.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. நடுக்காட்டுப்பட்டியில் வீட்டை ஒட்டிய சோளக்காட்டில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை, கைவிடப்பட்ட போர்க்குழிக்குள் விழுந்தது. வாய் நாலரை அங்குலம். முதலில் 30 அடிக்குக் குறைவான ஆழத்தில்தான் இருந்தது, அழுகுரல் மேலே கேட்டது. தீயணைப்புத் துறையினர் வந்தார்கள். மணிகண்டனின் குழு வந்தது, சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கருவிகளோடு ஆட்கள் வந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. கயிற்றில் சுருக்கிட்டுக் கைகளில் மாட்டப் பார்த்தார்கள். ஒரு கையில் விழுந்தால் மறு கையில் விழவில்லை. ஈரமண்ணில் பிடி வழுக்கியது. குழந்தை இன்னும் கீழே சறுக்கியது, மேலே மண்ணும் விழுந்தது. சனிக்கிழமைக்குள் 80 அடிக்கும் கீழே போய்விட்டது.

குழந்தையைத் தூக்க ஒரு துணிப்பை வேண்டும் என்று மீட்புக் குழுவினர் கேட்டார்கள். பண்டிகை நேரம், அந்த நேரத்துக்குத் தைத்துத்தர யாரும் கிடைக்கவில்லை. தையல் தெரிந்த அந்தத் தாயே மெஷினில் உட்கார்ந்து தைத்தார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. எத்தனையோ இயந்திரங்கள் அந்த ஊருக்கு வந்த நாட்களில் அந்தத் தையல் மெஷினின் சக்கரம் சுற்றியதையும் வரலாறு எழுதுகிறவன் குறித்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்த வழி, பக்கத்தில் இணைக்குழி. பொக்லைன் தோண்டியது, பாறை குறுக்கிட்டது. ஓ.என்.ஜி.சி. ரிக் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி அன்று, ஏறக்குறைய 1 மீட்டர் அகலத்தில் அது துளைக்கத் தொடங்கியது. பிறகு அதைவிட வலுவான இன்னொன்று ராமநாதபுரத்திலிருந்து வந்தது. மணிக்குச் சில அடிகூட இறங்கவில்லை. நாலரை அங்குலத் துளையைச் சில மணி நேரத்தில் போட்டுவிடுகிற பாறை ஒரு மீட்டர்க் குழிக்கு ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறது என்று தொலைக்காட்சி பார்த்தவர்கள் எல்லாம் கேட்டோம். கணக்குப் போட்டால் தெரியும். அகலம் 9 மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடினால் பரப்பு 70 மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் 70 மடங்குக்கு மேலான கருங்கல்லையும் வெங்கச்சங்கல்லையும் உடைத்து வெளியே அள்ள வேண்டும். அதுவும் பத்தடி தூரத்தில் ஒரு குழந்தை இருக்கும்போது, அதிர்வுக்குப் பயந்து பயந்து. கடைசியில் சாதாரண போர் வண்டியைக் கொண்டுவந்து குழிக்குள் சிறு சிறு துளைகளாகப் போட்டுப் பாறையைத் தளர்த்திப் பார்த்தார்கள். இந்தப் பாறைக்கு எது சரிப்படும் என்பதை அந்த இடத்தில், அந்த மணித்துளிகளில்தான் கற்றுக்கொண்டார்கள்.

அங்கே இரவு பகல் பாராமல் நின்றவர்களைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. சாமி ஏறிய தேரையே வெள்ளோட்டம் விடும்படி அவர்களை நிறுத்தியது நாம் எல்லாரும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படி நேர்ந்திருக்கிறது. 1987-ல் டெக்ஸாஸின் மிட்லண்டில் 18 மாதக் குழந்தை 22 அடி ஆழத்தில் சிக்கியது. பக்கத்தில் குழி இறக்கி, அதிவேக நீர்ப்பாய்ச்சலால் பாறையை அறுத்து 58 மணி நேரத்தில் எடுத்தார்கள். 2010-ல் சிலி நாட்டுச் சுரங்கத்தில் 33 பேர் 69 நாள் சிக்கியிருந்தபோது மூன்று ரிக்குகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். முதலில் அவர்களை எட்டியது, தண்ணீர்க் கிணறு போடுகிற வகையைச் சேர்ந்த ரிக்தான். சிறு துளையை முதலில் இறக்கி, அதையே சுத்தியல்களால் அகலப்படுத்தினார்கள். உடைந்த கல் கீழே சுரங்கத்துக்குள் விழுந்தது, மேலே அள்ள வேண்டியிருக்கவில்லை. நடுக்காட்டுப்பட்டியில் கல் விழுவதற்குக் கீழே வெற்றிடம் இல்லை. 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் சிக்கியபோது துளையிடும் இயந்திரம் கடைசிச் சில மீட்டரில் முறிந்து நின்றது. எலிவளை முறையில் கையால் தோண்டப் பழகியவர்கள்தான் 17-ஆம் நாள் வழியை முடித்தார்கள். அவர்களுடைய கைகளுக்கு வெள்ளோட்டம் பல ஆண்டுகளாக நடந்திருந்தது.

நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு மாவட்டம்தோறும் திறந்த துளைகளைத் தேடினார்கள். கைவிட்ட போர்களை மழைநீர் இறங்கும் குழிகளாக மாற்றச் சொன்னார்கள், சில இடங்களில் மாற்றவும் செய்தார்கள். நல்ல காரியம். மூடியை விடச் சிறந்த மீட்புக் கருவி கிடையாது. போர் போட்டு முடித்த வண்டி ஊரைவிட்டுப் போவதற்குள் அதன் ஆளே குழாய் வாயில் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்துவிட்டுப் போனால் போதும், அந்த வேலைக்குச் சில நிமிடம்தான் பிடிக்கும். இருந்தாலும் மூடாத ஒன்று எங்காவது இருக்கத்தான் செய்யும். அதற்கான கருவியைச் சோதிக்க ஒரு வற்றிய துளையும், மணல் மூட்டையும், பொறுமையாகக் குறிப்பெழுதும் ஒரு நோட்டும் வேண்டும்.

அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை அதிகாலை, 80 மணி நேரம் தாண்டிய பிறகு, குழந்தையின் உடலை அது விழுந்த துளை வழியாகவே எடுத்தார்கள். இணைக்குழி அந்த ஆழத்தை எட்டவே இல்லை. பாத்திமா புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. நாலரை அங்குலத் துளை, அதன் பக்கத்தில் ஒரு மீட்டர்க் குழி, இரண்டையும் கான்கிரீட் கொட்டி மூடினார்கள்.

(தொடரும்)